கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியுமா?

விருதுநகரில் இருக்கும் என் சித்தப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு லேப்டாப் வாங்கினார். வாங்கிய மறுநாள் காலையிலேயே எனக்கு போன். "தம்பி, இதுக்குத் தமிழ் தெரியுமாப்பா?"

"தெரியும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பவன். தமிழும் கம்ப்யூட்டரும் மோதிக்கொண்ட ஓர் இடத்தில் நன்றாக அடி வாங்கியவன். அதனால் "சாயங்காலம் சொல்றேன்" என்றேன். அன்று மாலை ஒரு மணி நேரம் பேசினோம். அதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். எழுத்து, சொல், பொருள். கம்ப்யூட்டருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வரிசையிலேயே போவோம்.

எழுத்து

இதில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பாண்ட் செய்தது. அந்த பாண்ட் உங்களிடம் இல்லாவிட்டால், நண்பர் அனுப்பிய கடிதம் திரையில் ஜிலேபி பிழிந்ததுபோல் தெரியும். யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கிறார்கள். 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது.

உங்கள் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டு ஏற்கனவே தயாராக இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று, ஆட் எ லாங்குவேஜ் என்பதைக் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்99 பழகியவர்கள் அதே இடத்தில் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய் அந்தக் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். அவ்வளவுதான்!

இப்போது ஒரு சின்னச் சோதனை. நோட்பேடில் "கி" என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் கீயை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். எழுத்து முழுதும் அழியாது. மேலே உள்ள இகரக் குறி மட்டும் போய் "க" நிற்கும். நமக்கு "கி" ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு எண்கள். "க" என்றால் 2965, அதன் மேல் வரும் குறி 3007. நாம் 247 என்று எண்ணிப் படித்த எழுத்துகளை அது அப்படி எண்ணுவதில்லை. வரைவதற்கு மட்டும் நம்மைப் போலவே அழகாக வரைந்துவிடுகிறது. அது நம்மைப் போலவே படிக்கவும் செய்கிறது என்று நாம் நம்பிவிடுவது இங்கேதான் தொடங்குகிறது.

சொல்

ஒரு வேர்ட் பைலில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல் கீயுடன் எப் அழுத்தி "வீடு" என்று தேடுங்கள். "வீட்டில்", "வீட்டுக்கு", "வீட்டை" எதுவும் கிடைக்காது. "மரம்" என்று தேடினால் "மரத்தடி"யும் "மரத்தில்" என்பதும் கிடைக்காது. காரணம், தமிழ்ச் சொல்லின் கடைசியில் ஒன்றை ஒட்டினால் சொல்லே தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. இந்தத் தேடலுக்கு அந்த மாற்றம் தெரியாது. கொடுத்த எண்கள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். எனவே "வீட்" என்றும் "மரத்" என்றும் பாதிச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள். இந்தத் தந்திரம் தெரியாமல், "நான் எழுதினதைக் காணோம்" என்று பதறியவர்கள் என் வீட்டிலேயே இரண்டு பேர்.

படிக்கும் நமக்கு இது பெரிய சௌகரியம். "படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான்" என்பது ஒரே சொல். செயல் என்ன, அது நடந்துகொண்டிருந்ததா முடிந்ததா, செய்தவர் மனிதரா, ஒருவரா பலரா, அவர்களிடம் கொடுத்தோமா அவர்களிடமிருந்து வாங்கினோமா, கடைசியில் ஓர் அழுத்தம் வேறு. எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஏழெட்டு ஆங்கிலச் சொற்களின் வேலையை ஒன்றே செய்கிறது. ஐந்து வயதுக் குழந்தைகூட இத்தகைய சொற்களைத் தானாகவே உருவாக்கிப் பேசுகிறது. யாரும் அதற்குப் புணர்ச்சி விதி சொல்லிக் கொடுப்பதில்லை.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது தலைவலி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் பெயருக்குப் பின்னால் "இல்" சேர்க்க நான்கு வரி புரோகிராம் எழுதினேன். "கரூர்" கொடுத்தால் "கரூரில்" என்று வந்தது. மகிழ்ச்சி! "மதுரை" கொடுத்தேன், "மதுரைஇல்" என்றது. நடுவில் ஒரு "ய்" வர வேண்டும் என்று எழுதினேன். "சேலம்" கொடுத்தேன், "சேலமில்" என்றது. அதையும் திருத்தினேன். "ஈரோடு" வந்து நின்றது. "ஈரோட்டில்" என்பதற்கு இன்னொரு விதி. நான்கு வரி நாற்பது வரி ஆயிற்று. அப்போது பக்கத்து சீட்டில் இருந்த அனுபவசாலி ஒருவர் வழி சொன்னார். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? கிளை, முக்காற்புள்ளி, ஊர் பேரு. முடிஞ்சுது!"

உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களையும் பில்களையும் எடுத்துப் பாருங்கள். "கிளை: சேலம்", "பெயர்: முருகன்", "நிலை: நிலுவையில் உள்ளது". வாக்கியமே இருக்காது, எல்லாம் முக்காற்புள்ளி மயம். இது ஏதோ அலுவலக நடை என்று நினைத்திருப்பீர்கள். பாதிக்குப் பாதி, தமிழ் இலக்கணத்துக்குப் பயந்து என்னைப் போன்றவர்கள் ஒதுங்கிக்கொண்ட இடம் அது. அந்த முக்காற்புள்ளிதான் பிறகு என்னைப் பழி வாங்கியது. அதைச் சொல்லும் முன் ஒரு சின்னச் சுற்று.

எங்கள் மொழி, உங்கள் மொழி

கம்ப்யூட்டருக்கென்றே நாங்கள் எழுதும் மொழிகள் இருக்கின்றன. சி, ஜாவா, பைதான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் ஒரு வரிக்கு ஒரே ஒரு பொருள்தான். சி மொழியில் வரிக் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் புரோகிராம் ஓடாது. "நீ இதைத்தானே சொல்ல வந்தாய்?" என்று தானாகப் புரிந்துகொண்டு அது வேலையைத் தொடராது. நாம் பேசும் மொழி இதற்கு நேர் எதிர். "அந்த... அதை எடுத்து இதுல வை" என்று அம்மா சொன்னால் நான் சரியான டப்பாவை சரியான அலமாரியில் வைக்கிறேன். சொல்லில் ஒன்றுமே இல்லை. மீதி எல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"மாலை" என்றால் பொழுதும் ஆகும், பூவும் ஆகும். "திங்கள்" என்றால் நிலவு, மாதம், வாரத்தில் ஒரு நாள். இந்த இரட்டைப் பொருளை வைத்துக்கொண்டுதான் காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் பாடினார். தமிழ் ஆசிரியர் அதைச் சிலேடை என்று ரசித்துச் சொல்லிக்கொடுத்தார். அதே சங்கதி என் புரோகிராமில் வந்தால் அதற்கு பெயர் "பக்", அதாவது பிழை.

இந்தச் சிக்கல் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ரஷ்ய வாக்கியங்களைக் கம்ப்யூட்டர் ஆங்கிலமாக்குவதைச் செய்து காட்டின. அதன் அகராதியில் இருந்தவை 250 சொற்கள். இலக்கண விதிகள் ஆறே ஆறு! மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று பேச்சு. 1966இல் அமெரிக்காவில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. மனிதர் செய்வதைவிட இது மெதுவாகவும் பிழையாகவும் செலவு அதிகமாகவும் இருக்கிறது என்றது. அதோடு அங்கே பணவரவு பெரும்பாலும் நின்றது.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வந்தது 2011இல். அப்போது அது தந்த தமிழை நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்தோம். 2017இல் முறையே மாறியது. சொல் சொல்லாக, துண்டு துண்டாகப் பெயர்க்காமல், முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் நியூரல் முறை தமிழுக்கும் வந்தது. திடீரென்று தமிழ் தமிழாகவே இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கேள்வியையே தமிழில் கேட்டுப் பதிலைத் தமிழில் வாங்குகிறோம். நான் ஒன்றும் பழமை பேசவில்லை. நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் சிரிப்பு வரும்படி தப்பு செய்த காலத்தில் நாம் எச்சரிக்கையாக இருந்தோம். நன்றாக எழுத ஆரம்பித்த பிறகுதான் படிக்காமல் விட்டோம். நான் விட்டேன்.

பொருள்

2019. எனக்கு முதல் வேலை, சென்னையில். ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பும் சாப்ட்வேர் செய்து கொடுத்தோம். அவர்கள் வாடிக்கையாளர்களுக்கு ஓர் ஆண்டு அட்டை கொடுப்பார்கள். குடும்பத்தில் யார் போனாலும் சலுகை விலையில் பரிசோதனை. ஆண்டு முடிந்தால் புதுப்பிக்கச் சொல்லி ஒரு எஸ்.எம்.எஸ். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வேண்டும் என்றார்கள்.

எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அறுபத்து மூன்று செய்திகள் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருந்தன. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் டிரான்ஸ்லேட் செய்து ஒட்டிய தமிழ். "நீதான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார் டீம் லீடர். வெள்ளிக்கிழமை மாலை. ஒன்பது மணிக்கு ஊருக்கு பஸ். முதல் இருபது செய்திகளைப் பொறுமையாகப் படித்தேன். இரண்டு மூன்று இடங்களில் "உன்" என்பதை "உங்கள்" ஆக்கினேன். மற்றபடி நன்றாகவே இருந்தது. மீதியை மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு "ஓகே" என்று மெயில் அனுப்பினேன்.

அதில் ஒன்று "மெம்பர்" என்று தொடங்கும். முக்காற்புள்ளி. பெயர். அடுத்து "ஸ்டேட்டஸ்", முக்காற்புள்ளி, "எக்ஸ்பயர்டு". நாங்கள் சொல்ல நினைத்தது, இன்னாருடைய அட்டையின் காலம் முடிந்தது என்பது. ஆனால் அட்டை என்ற சொல்லே அந்தச் செய்தியில் இல்லை. மருந்து அட்டையில் "எக்ஸ்பயரி டேட்" பார்க்கிறோம். அதே சொல்லை ஆள் மீது வைத்தால் என்ன பொருள் என்பதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிரான்ஸ்லேட் செய்த சாப்ட்வேரின் கண்ணில் பட்டது ஓர் உறுப்பினர், ஒரு பெண்ணின் பெயர், ஒரு வினைச்சொல். அது தன் கணக்குப்படி நியாயமாகத்தான் யோசித்திருக்கிறது. மரியாதை விகுதிகூடச் சரியாகப் போட்டிருந்தது.

"நிலை: காலமானார். புதுப்பிக்க இந்த எண்ணை அழைக்கவும்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அது போயிற்று. அன்று அட்டை முடிந்தவர்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் சிரித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். கேட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டாமவர் எழுபது வயதுப் பெரியவர். மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். செய்தியில் மனைவியின் பெயர். அனுப்பியது பரிசோதனை நிலையம். மனைவிக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. மகளுக்குப் போட்டார், போன் அணைந்திருந்தது. பிரசவ வார்டில் போனை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். மனைவியே திரும்ப அழைத்தபோது பஸ் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மத்தியானம் அவர் அந்த எண்ணுக்கு போன் செய்தார். தமிழ் பேச ஆள் வேண்டும் என்று அழைப்பு சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, இதை யாரு எழுதினது?"

"கம்ப்யூட்டர் சார்" என்றேன்.

"சரி. படிச்சுப் பார்த்தது யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து, "நான்தான் சார், படிக்காம விட்டுட்டேன்" என்றேன். அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த செய்தி போவதற்கு முன் தனக்கு ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார். கேலி என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

மறுநாள் படித்துக் காட்டினேன். "குடும்ப அட்டை காலாவதியானது" என்று மாற்றியிருந்தேன். அவர் உடனே நிறுத்தினார். குடும்ப அட்டை என்றால் ரேஷன் கார்டு, ஜனங்கள் ரேஷன் கடைக்கு ஓடுவார்கள் என்றார். "காலாவதி வேண்டாம் தம்பி, நேத்து நான் பட்டதுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே திக்குங்குது" என்றார். கடைசியில் "உங்கள் பரிசோதனைச் சலுகை அட்டைக்கு ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. தொடர விரும்பினால் அழையுங்கள்" என்று முடிவாயிற்று. முக்காற்புள்ளி இல்லாத முழு வாக்கியம். பெயரையும் எடுத்துவிட்டோம். பிறகு மீதி அறுபத்திரண்டையும் வாய்விட்டுப் படித்துத் திருத்தினேன். இரண்டு நாள் ஆயிற்று.

நீங்கள் செய்யக்கூடியது

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இதை நம்பக் கூடாதுங்கிறியா?" என்று கேட்டார். அப்படி இல்லை. எந்த இடத்தில் அது ஊகிக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

தமிழ் சொல்வதை ஆங்கிலம் சொல்லாது, ஆங்கிலம் சொல்வதைத் தமிழ் சொல்லாது. "அவர் வந்தார்" என்று கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஆணா பெண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், நாம் அதைச் சொல்லவே இல்லை. திருப்பி ஆங்கிலத்தில் "அங்கிள்" என்று கொடுங்கள். மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? அதற்கு எப்படித் தெரியும்? "நாம்" என்பதும் "நாங்கள்" என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல். "பொங்கலுக்கு நாம் ஊருக்குப் போகிறோம்" என்பதற்கும் "நாங்கள் போகிறோம்" என்பதற்கும் நடுவே ஓர் ஆள் வீட்டில் விடப்பட்டுவிடுவார். இந்த இடங்களில் வரும் விடை இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறலாம். சரியாக வந்தாலும் அது ஊகம்தான்.

அதனால் "அவர்", "அது" என்று எழுதாமல் பெயரையே எழுதுங்கள். துண்டாக ஒரு சொல்லைக் கொடுக்காமல் முழு வாக்கியமாகக் கொடுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றில் யார் யாருக்கு எழுதுகிறார், என்ன சந்தர்ப்பம் என்று இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் பெரிய வித்தியாசம் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்த அந்த "மீதி"யை நாம்தான் கொடுக்க வேண்டும். தேதி, தொகை, "இல்லை" என்ற சொல், இந்த மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். மருந்து, பத்திரம், பேங்க் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பவே வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாத மொழியில் அது என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. வந்த ஆங்கிலத்தை அப்படியே காப்பி செய்து, புதிதாக மறுபடி தமிழுக்கு மாற்றுங்கள். முதலில் நீங்கள் எழுதியதும் இப்போது வந்திருப்பதும் எங்கே விலகுகின்றனவோ அங்கே சந்தேகப்படுங்கள். எல்லாப் பிழையும் இதில் சிக்காது. பெரியது பெரும்பாலும் சிக்கும்.

போன வாரம் சித்தப்பா மறுபடி போன் செய்தார். பெங்களூரில் படிக்கும் பேத்தியின் கிளாஸ் டீச்சருக்கு லீவு கேட்டு அவரே ஆங்கிலத்தில் மெயில் தயாரித்திருக்கிறார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று தமிழில் எழுதி மாற்றியிருக்கிறார். நான் சொன்னபடி திருப்பிப் போட்டுப் பார்த்தால், "குழந்தைக்கு உடல்நலமில்லை" என்று வந்ததாம்.

"ஏழாவது படிக்கிற பிள்ளைப்பா. கைக்குழந்தைக்கு எதுக்கு லீவுன்னு டீச்சர் கேட்க மாட்டாங்களா?"

பாப்பாவை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டுவிட்டாராம். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டுச் சொல் என்று போனிலேயே வாசிக்க ஆரம்பித்தார்.